ஜிப் பிறந்த கதை

பள்ளிக்குப் புறப்படும் சிறுவன் புத்தகங்களைப் பையில் அடுக்குகிறான். பையின் வாயோரத்தில் தொங்கும் சிறு பிடியைப் பற்றி ஒரு முறை இழுக்கிறான். ‘சர்’ என்ற ஒலியோடு பை மூடிக்கொள்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இச்செயலில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நாள்தோறும் கைபடும் பொருளைக் கருத்து எளிதில் தொடுவதில்லை. பல் ஒன்று விழுந்து, இழுத்த பிடி இடையிலே நின்று, பை வாய்பிளந்து புத்தகங்கள் தெருவில் சிதறும் நாளிலேதான் ‘ஜிப்’ என்று ஒரு பொருள் உண்டு என்பதும், அது இத்தனை நாளும் ஓசையின்றித் தொண்டாற்றி வந்தது என்பதும் நினைவுக்கு வருகின்றன.

அச்சிறு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் முடியுடை மன்னர் இல்லை. மாபெரும் படையெழுச்சி இல்லை. ஆனால் தோல்வி உண்டு, கடன் உண்டு, கண்ணீரும் உண்டு. ஜிப்பைப் பற்றிய முதல் எண்ணம் காப்புரிமை பெற்றது 1851ஆம் ஆண்டில். அவ்வெண்ணம் பழுதின்றி இயங்கும் உருவம் பெற்றது 1913ஆம் ஆண்டில். இரண்டிற்கும் இடையே 62 ஆண்டுகள் கடந்தன. சிறுவன் ஒரு நொடியில் செய்துவிடும் செயலுக்குப் பின்னே இத்தனை ஆண்டுகளின் உழைப்பு மறைந்து நிற்கிறது.

உடையின் இரு விளிம்புகளை இணைத்து வைக்க மக்கள் பண்டுதொட்டே பல வழிகளைக் கண்டனர். நாடாவால் முடிந்தனர், ஊசியால் குத்தினர், பொத்தானைத் துளையில் செருகினர், கொக்கியை வளையத்தில் மாட்டினர். இவையனைத்தும் நன்கு பயன்பட்டவையே. எனினும் இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு குறை இருந்தது. பத்துப் பொத்தான்கள் இருந்தால் பத்து முறை கைவேலை செய்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணுக்காலுக்கு மேல் உயர்ந்த காலணிகளை ஆணும் பெண்ணும் அணிந்தனர். அவற்றின் பக்கத்தில் பொத்தான்கள் நீண்ட வரிசையாக அமைந்திருக்கும். அவற்றை மாட்டுவதற்கென்றே வளைந்த கம்பி ஒன்றைக் கையில் வைத்திருந்தனர். குனிந்து, ஒவ்வொரு பொத்தானாக இழுத்து மாட்டி நிமிர்வதற்குள் முதுகு வலிக்கும், பொழுதும் கழியும். இவ்வளவு பொத்தான்களையும் ஒரே இழுப்பில் மாட்டிவிட இயலாதா? இவ்வினாவே ஜிப்பின் விதை.

விதையை முதலில் ஊன்றியவர் எலியாஸ் ஹோவ் என்னும் அமெரிக்கர். தையல் இயந்திரத்திற்கு 1846ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றுப் புகழ்பெற்றவர் இவரே. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1851ஆம் ஆண்டில், உடையைத் தொடர்ச்சியாக மூடும் அமைப்பு ஒன்றுக்கும் அவர் காப்புரிமை பெற்றார். உடையின் விளிம்புகளில் வரிசையாகச் சறுக்கிச் செல்லும் பல பற்றுக் கருவிகளை நூலால் பிணைத்து, நூலை இழுத்தால் அவை பரவி நின்று உடையை மூடும்படி அவர் அமைத்தார். எண்ணம் புதியது, நல்லது. ஆயினும் ஹோவ் அதனை வளர்க்கவில்லை. தையல் இயந்திரத்தின் உரிமையைக் காக்கும் வழக்குகளில் அவருடைய காலமும் கருத்தும் ஈடுபட்டிருந்தன. ஊன்றிய விதைக்கு நீர் வார்ப்பார் இன்றி நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

பின்னர் அவ்வழியில் நடக்க வந்தவர் விட்கம் ஜட்சன் என்பவர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் வாழ்ந்த இவர் புதுமைகளைத் தேடி அலைந்த உள்ளத்தினர். நெருக்கிய காற்றின் ஆற்றலால் தெருவில் வண்டிகளை ஓட்டலாம் என்று கருதி அதற்கெனப் பல காப்புரிமைகளைப் பெற்றார். ஆனால் மின்சார வண்டிகள் வந்தன. காற்று வண்டிகள் நின்றன. தோல்வியால் துவளாத ஜட்சன், காலணியின் பொத்தான் வரிசையை நோக்கித் தம் கருத்தைத் திருப்பினார். காலணியின் ஒரு விளிம்பில் கொக்கிகளையும், மறு விளிம்பில் அவற்றுக்கு ஏற்ற வளையங்களையும் வரிசையாகப் பதித்தார். சிறிய வழிகாட்டி ஒன்றை அவ்வரிசையின் மேல் ஓட்டினால் அது கொக்கிகளை ஒவ்வொன்றாக வளையங்களில் மாட்டிக்கொண்டே செல்லும். இந்த அமைப்புக்கு 1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இரண்டு காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன.

காப்புரிமை ஏட்டில் எழுதப்படுவது. கடையில் விற்கப்படும் பொருளோ கையால் இழுத்துப் பார்க்கப்படுவது. ஏட்டில் எளிதாகத் தோன்றிய கருவி கையில் இடர் தந்தது. இவ்வேளையில் ஜட்சனுக்குத் துணையாக நின்றவர் லூயிஸ் வாக்கர். பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில் என்னும் ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர் இவர். கருவிகளைச் செய்யும் கைத்திறன் அவரிடம் இல்லை. ஆனால் பிறர் கைவிட்ட பின்னும் ஒரு நல்ல எண்ணத்தின்மேல் நம்பிக்கை வைக்கும் உறுதி அவரிடம் இருந்தது. 1894ஆம் ஆண்டில் சிகாகோவில் இதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. அது பிறகு ஒஹையோ மாநிலத்திற்குச் சென்றது. பின்னர் நியூ ஜெர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகருக்குச் சென்றது. இடம் மாறியது, பெயர் மாறியது, ஆனால் இடர் மட்டும் மாறவில்லை.

கொக்கிகளைத் துணி நாடாவின் விளிம்பில் பதித்து விற்கலாம் என்னும் எண்ணம் ஜட்சனுக்குப் பின்னர்த் தோன்றியது. அவ்வாறு செய்யப்பட்ட பொருள் 1905ஆம் ஆண்டளவில் ‘சி-கியூரிட்டி’ என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. பாதுகாப்பு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் பெயர் அது. பெயரில் இருந்த பாதுகாப்பு பொருளில் இல்லாமற் போயிற்று. அணிந்தவர் குனிந்தால் கொக்கிகள் கழன்றுகொள்ளும். சில வேளைகளில் கழல வேண்டிய இடத்தில் கழலாமல் சிக்கிக்கொள்ளும். நீர் பட்டால் உலோகம் துருவேறும்; ஆதலின் உடையைத் துவைக்குமுன் அதனைப் பிரித்தெடுத்துப் பின் மீண்டும் தைக்க வேண்டியிருந்தது. பல பேர் நடுவே பாவாடை திறந்துகொள்ளும் என்ற அச்சத்தோடு எந்தப் பெண்மணி அதனை இரண்டாம் முறை வாங்குவாள்? பழைய பொத்தானே மேல் என்று மக்கள் அதன்பால் திரும்பினர்.

இந்நிலையில் ஹோபோக்கன் தொழிற்சாலைக்குள் ஓர் இளைஞர் நுழைந்தார். அவர் பெயர் கிடியன் சண்ட்பாக். 1880ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் பிறந்தவர்; செருமனியில் பொறியியல் கற்றவர்; 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மின்பொறிகள் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவர், 1906ஆம் ஆண்டில் அதனை விட்டுக் கொக்கி செய்யும் இச்சிறு தொழிற்சாலைக்கு வந்தார். பெரிய பொறிகளைப் பழகிய கை, விரல்நுனி அளவான கொக்கியைப் பற்றியது. கழன்றுவிடும் கொக்கியைக் கழலாதபடி திருத்தினார். ‘பிளாக்கோ’ என்னும் புதிய பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. முன்னையதினும் சிறந்ததே எனினும் மக்கள் மனத்தை அது மாற்றவில்லை. ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறை எளிதில் நம்புவரோ?

1909ஆம் ஆண்டு இக்கதையில் இருவேறு நிகழ்ச்சிகளைக் கண்டது. அவ்வாண்டில் ஜட்சன் இறந்தார். தாம் கண்ட கனவு உருப்பெற்றதை அவர் காணவில்லை. அவ்வாண்டிலேயே தொழிற்சாலையின் மேலாளரான அரோன்சனுடைய மகள் எல்விராவைச் சண்ட்பாக் மணந்தார். இல்லறம் இனிது தொடங்கியது, ஆனால் நீடிக்கவில்லை. 1911ஆம் ஆண்டில் எல்விரா மறைந்தார். இளம் மனைவியை இழந்த துயரம் ஒருபுறம். விற்காத பொருளும் வளரும் கடனுமாகத் தளர்ந்து நின்ற நிறுவனம் மறுபுறம். துயருற்றவர் சிலர் வேலையை விட்டு விலகுவர். சண்ட்பாக்கோ வேலைக்குள்ளே புகுந்தார். இரவும் பகலும் வரைபலகையின் முன் அமர்ந்து அச்சிறு பூட்டின் சிக்கலையே சிந்தித்தார்.

அச்சிந்தனையின் முடிவில் அவர் ஓர் உண்மையைத் தெளிந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அனைவரும் கொக்கியைத் திருத்திக்கொண்டே வந்தனர். கொக்கியை நீட்டினர், வளைத்தனர், இறுக்கினர். ஆனால் குறை கொக்கியின் வடிவில் மட்டும் இல்லை. கொக்கியையே நம்பியதில் இருந்தது. மாட்டும் கொக்கி கழலவும் கூடும் அன்றோ? ஆதலின் கொக்கியையே விட்டுவிடுவது என்று அவர் துணிந்தார்.

1912ஆம் ஆண்டில் கொக்கியில்லாப் பூட்டு ஒன்றைச் செய்தார். ஒரு நாடாவின் விளிம்பு கயிறுபோல் தடித்திருக்கும். மற்றொரு நாடாவில் உள்ள உலோகத் தாடைகள் அவ்விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பூட்டு நன்றாக மூடியது. ஆனால் உலோகம் துணியைக் கவ்வக் கவ்வத் துணி தேய்ந்தது. சில நாட்களில் பயனற்றுப் போயிற்று. மற்றுமொரு தோல்வி! எனினும் முன்னைத் தோல்விகளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. உலோகம் துணியோடு பொருதால் துணி தோற்கும்; உலோகத்தை உலோகமே பற்ற வேண்டும் என்ற பாடத்தை இத்தோல்வி கற்பித்தது.

1913ஆம் ஆண்டின் இறுதியில் அப்பாடம் பயன் தந்தது. சண்ட்பாக் இருபுற நாடாக்களிலும் ஒரே வடிவுடைய சிறு பற்களைப் பதித்தார். ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கத்தில் சிறு குமிழ். மறுபக்கத்தில் அக்குமிழுக்கு ஏற்ற குழி. அடுக்களையில் கரண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேற்கரண்டியின் முதுகு கீழ்க்கரண்டியின் குழிவில் பொருந்தி அமைகிறது. அவ்வாறு பொருந்திய கரண்டியைப் பக்கவாட்டில் இழுத்தால் எளிதில் வாராது. மேலே தூக்கினால்தான் வரும். ஜிப்பின் பற்களும் அத்தன்மையனவே. வலப்புறத்துப் பல் ஒன்று, அதன்மேல் இடப்புறத்துப் பல் ஒன்று, அதன்மேல் மீண்டும் வலப்புறத்துப் பல் ஒன்று என அவை அடுக்கப்படுகின்றன. அவற்றைத் தூக்கி விலக்குவதற்கோ இடைவெளி இல்லை. ஆகவே எவ்வளவு இழுத்தாலும் பிரியாமல் நிற்கின்றன.

அவ்வாறாயின் அவை முதலில் எவ்வாறு ஒன்றனுள் ஒன்று புகுந்தன? அங்கேதான் தையற்காரர்கள் ‘ரன்னர்’ என்று வழங்கும் ஓடுபகுதியின் திறம் விளங்குகிறது. அதன் முற்பக்கத்தில் இரண்டு வழிகள் உண்டு; அவை பிற்பக்கத்தில் ஒன்றாகக் கூடுகின்றன. நடுவே ஆப்புப் போன்ற ஒரு பகுதி நிற்கிறது. ரன்னரை முன்னே இழுக்கும்போது இருபுற நாடாக்களும் அவ்வழிகளில் வளைந்து நுழைகின்றன. நாடா வளையும் இடத்தில் பற்களுக்கு இடையே சிறிது வெளி உண்டாகிறது. அவ்வெளியில் எதிர்ப்புறத்துப் பல் நுழைகிறது. நாடா நேரானதும் வெளி சுருங்குகிறது, பல் இறுகிக்கொள்கிறது. ரன்னரைப் பின்னே இழுத்தால் நடுவில் உள்ள ஆப்பு பற்களின் இடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகிறது. மூடுவதும் திறப்பதும் ஒரு கருவியே; வன்மை சிறிதும் வேண்டுவதில்லை. முன்னைக் கொக்கிகள் ஓர் அங்குலத்திற்கு 4 வீதம் இருந்தன. புதிய பற்களோ 10 அல்லது 11 வீதம் நெருங்கி நின்றன. இவ்வமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆகும்.

வடிவம் கண்டதோடு வேலை முடியவில்லை. நூறு பற்களில் ஒன்று சற்றே பருத்திருந்தாலும் ரன்னர் அங்கே நின்றுவிடும். ஒன்று சற்றே கோணியிருந்தாலும் பூட்டு அங்கே திறந்துவிடும். மயிரிழையும் பிசகாத பற்களை ஆயிரக்கணக்கில் கையால் செய்தல் யாருக்கு இயலும்? ஆகவே ஜிப்பைக் கண்டவரே ஜிப்பைச் செய்யும் இயந்திரத்தையும் காண வேண்டியவரானார். உலோகத் தகட்டிலிருந்து பற்களை வெட்டி, குமிழும் குழியும் பதித்து, நாடாவின் விளிம்பில் இறுக்கும் இயந்திரங்களைச் சண்ட்பாக் அமைத்தார். தகட்டில் வெட்டியபோது உலோகம் மிகுதியாக வீணாயிற்று. அதனைக் கண்டு, ஏற்ற வடிவில் இழுத்த கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பற்களாக்கும் வேறோர் இயந்திரத்தைப் பின்னர்ச் செய்தார். பொருளைக் கண்டுபிடிப்பது ஒரு திறம். அதனை எல்லாரும் வாங்கும் விலையில் செய்வது மற்றொரு திறம். இவ்விரு திறமும் அவரிடம் கூடியிருந்தன.

இதற்கிடையே நிறுவனம் வாக்கரின் ஊராகிய மீட்வில்லுக்கு 1913ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. ‘கொக்கியில்லாப் பூட்டு நிறுவனம்’ என்னும் பொருள்படப் பெயரும் மாறியது. பொருள் நன்றாக இருந்தது; ஆயினும் வாங்குவார் வரவில்லை. முன்னைப் பூட்டு தந்த கசப்பு உடை தைப்போர் நாவில் இன்னும் இருந்தது. பழுதுற்ற பொருளைத் திருத்துவது எளிது; பழுதுற்ற பெயரைத் திருத்துவதோ அரிது. ஆகவே ஜிப் உடையின் பெருவாயில் வழியாக நுழையாமல், சிறுசிறு பக்கவாயில்கள் வழியாக நுழைந்தது.

முதல் உலகப்போரில் அமெரிக்கா ஈடுபட்ட காலத்தில், பணம் வைக்கும் அரைக்கச்சைகளில் ஜிப்பைத் தைத்து விற்றனர். கப்பற்படை வீரர் அவற்றை விரும்பி வாங்கினர். கடல் அலைக்கும் காற்றுக்கும் இடையே பணம் சிந்தாமல் இருந்தது. விமானம் ஓட்டுவோர் உடையிலும் ஜிப் இடம்பெற்றது. பின்னர்ப் புகையிலைப் பைகளில் ஏறியது. வீரரும் வணிகரும் தங்கள் கையாலேயே ஆயிரம் முறை இழுத்துப் பார்த்து, அது ஏமாற்றாது என்பதை உணர்ந்தனர். விளம்பரத்தால் வாராத நம்பிக்கை பழக்கத்தால் வந்தது.

1923ஆம் ஆண்டில் குட்ரிச் என்னும் ரப்பர் நிறுவனத்தார் மழையிலும் பனியிலும் காலணியின்மேல் அணியும் ரப்பர் மேற்காலணிகளில் ஜிப்பை அமைத்தனர். அவற்றுக்கு ஏற்ற பெயர் ஒன்றை நிறுவனத்தின் தலைவர் பெர்ட்ரம் வொர்க் தேடினார். விரைந்து செல்லும் பொருள் எழுப்பும் ஒலியை ஆங்கிலேயர் ‘ஜிப்’ என்பர். அவ்வொலியை ஒட்டி ‘ஜிப்பர்’ என்று பெயரிட்டார். அப்பெயர் முதலில் குறித்தது காலணியையே, பூட்டை அன்று. மக்களோ அப்பெயரைக் காலணியிலிருந்து கழற்றிப் பூட்டுக்கே சூட்டிவிட்டனர். ‘சி-கியூரிட்டி’, ‘பிளாக்கோ’ என்று முதலாளிகள் எண்ணி எண்ணி வைத்த பெயர்கள் மறைந்தன. பொருள் தானே எழுப்பிய ஒலி அதன் பெயராய் நிலைத்தது.

காலணியில் தொடங்கிய எண்ணம் காலணியின் வழியாகவே மக்களை அடைந்தது என்பது எண்ணத்தக்கது. ஜட்சன் விரும்பியதும் அதுவே அன்றோ? அதன்பின் ஜிப்புக்குத் தடை குறைந்தது. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் சிறுவர் உடைகளில் அது இடம்பெற்றது. தாயின் துணையின்றிக் குழந்தை தானே உடுத்திக்கொள்ளலாம் என்பது பெற்றோரைக் கவர்ந்தது. பாரிசு நகரத்துப் புகழ்பெற்ற உடையமைப்பாளரான எல்சா ஸ்கியாபரெல்லி 1935ஆம் ஆண்டில் வண்ண ஜிப்புகளை மறைக்காமல் அணிபோல வெளியே தெரியும்படி அமைத்தார். ஆடவர் உடையிலும் அது புகுந்தது. மீட்வில் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் ‘டாலன்’ என்னும் பெயரை ஏற்றது. பற்றியதை விடாத பறவையின் கூரிய நகத்தைக் குறிக்கும் சொல் அது. தளராமல் துணைநின்ற வாக்கர் தம் முதுமையில் அவ்வெற்றியைக் கண்டு, 1938ஆம் ஆண்டில் மறைந்தார். சண்ட்பாக் 1954ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். தம் கைப்பொருள் உலகெங்கும் பரவியதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

ஜிப்பைக் கண்டவர் யார் என்று வினவினால் ஒரு பெயரால் விடை கூறுதல் அரிது. ஹோவ் எண்ணினார், ஜட்சன் தொடங்கினார், வாக்கர் காத்தார், சண்ட்பாக் முடித்தார். பெயர் அறியப்படாத தொழிலாளர் பலர் இயந்திரத்தின் அருகே நின்று உழைத்தனர். ஜட்சனின் கொக்கி தோற்றது உண்மையே. ஆனால் அவர் கண்ட வழிகாட்டியே சண்ட்பாக்கின் ரன்னராக வளர்ந்தது. ஒருவருடைய தோல்வியில் மற்றொருவருடைய வெற்றிக்கு வேண்டிய பாதி கிடந்தது.

மற்றுமோர் உண்மையும் இக்கதையில் விளங்குகிறது. முயற்சி என்பது சென்ற வழியிலேயே மேலும் மேலும் செல்வது மட்டும் அன்று. அவ்வழி தவறு என்று தெளிந்தால், இருபது ஆண்டுகள் நடந்த வழியாயினும் அதனை விட்டுத் திரும்பும் துணிவும் முயற்சியே ஆகும். கொக்கியைத் திருத்தியவர் பலர். கொக்கியை விட்டவர் ஒருவர். அவர் விட்டதனால்தான் உலகம் பெற்றது.

நாளைக் காலையிலும் அச்சிறுவன் பையின் பிடியைப் பற்றி இழுப்பான். பற்கள் ஒன்றனுள் ஒன்று புகுந்து கைகோத்துக்கொள்ளும். தனித்து நின்றால் ஒரு பல்லால் எதனையும் பற்ற இயலாது. முன்னும் பின்னும் உள்ள பற்களோடு பொருந்தி நின்றால், நிறைந்த பையின் சுமையையும் அது தாங்கும். அப்பற்களைக் கண்டு தந்த மனிதரின் கதையும் அத்தகையதே.